ரோமாபுரி முறைப்படி ஒரு கல்யாண மனு

தோட்டப் பொது விதிகள், ஒன்பதாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு இப்படிச் சொல்கிறது: திருமணத்துக்காக வெளியூர் செல்ல விரும்பும் தொழிலாளியோ சிப்பந்தியோ, புறப்படும் நாளுக்கு ஏழு நாள் முன்பாக இரண்டு படிகளில் மனுச் செய்ய வேண்டும். நிர்வாகி மூன்று வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம்.

அருமையான விதி. குறிப்பாக அந்தக் கடைசி வரி. ஆனால் அதன்படி நடத்த வேண்டிய வெள்ளைக்காரத் துரை, ஜப்பான்காரன் வருகிறான் என்று கேள்விப்பட்ட காலையில், ஒரு படியில்கூட மனுச் செய்யாமல், நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே போய்விட்டார். விதிப் புத்தகம் மேசைமேல் இருந்தது. அதைக் கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஆகவே, பிற்பாடு ஒரு கார்த்திகை மாதத்து மாலையில், நான் ரப்பருக்குப் புகை போடும் கொட்டகையில் நின்று சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தேன். எதிரே மூங்கில் கழிகளில் வரிசை வரிசையாக ரப்பர் ஷீட்டுகள், துவைத்துக் காயப்போட்ட வேட்டிகள் மாதிரி. புகை கண்ணைக் கரித்தது. வலது கையை முன்னால் நீட்டி, இடது கையால் தோளில் இல்லாத ஓர் அங்கவஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டு, "பெருமதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கினேன். ஷீட்டுகள் மறுத்துப் பேசவில்லை.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சின்னக் கிராணி வேலை. அதாவது பெயர்ப்பட்டியல், எடைக் கணக்கு, மற்றவர்கள் செய்ய மறந்த எல்லாம்.

"யாருகிட்ட தம்பி பேசிக்கிட்டிருக்கே?" வாசலில் டிரெஸர் நடராஜன். தோட்டத்து மருந்துக்கொட்டகை அவர் பொறுப்பு. மருந்துதான் இல்லை.

"பயிற்சிண்ணே. திங்கக்கெழம ஜப்பான் தொரகிட்ட பேசணும்லா."

"அவனுக்குத் தமிழ் தெரியாது. ஒனக்கு ஜப்பான் தெரியாது. அது கெடக்கட்டும், கைய ஏன் அப்புடி வச்சிருக்கே? சுளுக்கா?"

"ரோமாபுரியில இப்புடித்தாண்ணே வச்சுக்குவாங்க."

அவர் உள்ளே வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "காச்சலுக்குக் கொய்னா இருந்தா குடுத்திருப்பேன். அதுவும் இல்லையே."

அட்டை இல்லாத புத்தகம்

இந்தத் தொடரின் சென்ற வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு, நான் இப்போது குடியிருக்கும் பாக்கார் ஆராங்கில் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர், காரைக் கழுவிக்கொண்டே, "சார், ரோமாபுரி ரோமாபுரின்னு எழுதுறீங்க. ரப்பர் தோட்டத்துக்கும் அதுக்கும் என்ன சார்?" என்று கேட்டார். விளக்கம் தருவது என் கடமை.

வெள்ளைக்காரத் துரை போனதும் அவருடைய பங்களாவுக்குள் ஊரே புகுந்தது. நாற்காலி போயிற்று, மெத்தை போயிற்று, குளிக்கிற தொட்டி நான்கு பேர் தோளில் ஊர்வலமாகப் போயிற்று. நான் எப்போதும்போல் தாமதம். ஆடிய அலமாரிக் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த புத்தகம் ஒன்றுதான் மிச்சம். அட்டை இல்லை. முதல் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. "புத்தகம் ஒன்று, அட்டையில்லாதது, எடுத்துக்கொண்டேன்" என்று சீட்டெழுதிக் கையொப்பமிட்டு, வெறும் தரையில் வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பங்களாவிலிருந்து போன பொருள்களில் ரசீது உள்ளது அது ஒன்றுக்குத்தான்.

பழைய ரோமாபுரிக்காரர்கள் பேச்சை எப்படிக் கற்றார்கள் என்பதை ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகம் அது. படிக்கிற பிள்ளையை அடிக்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. கேட்பவன் விருப்பு, வெறுப்பு, பயம், ஆசை இவற்றை வைத்து முதலில் முடிவுசெய்துவிடுகிறான், பிறகுதான் அதற்கேற்ற சட்டத்தைத் தேடுகிறான் என்றும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் இருந்தேன். இதற்கு மாறான ஒரு கோப்பையும் நான் பார்க்கவில்லை.

பேச்சுக்கு ஒரு வரிசையும் சொல்லியிருந்தது. முதலில் வணக்கம் சொல்லிக் கேட்பவரின் மனத்தைக் குளிர்விக்க வேண்டும். அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டும். பிறகு நியாயங்கள். பிறகு எதிர்ப்பேச்சுக்குப் பதில். கடைசியில் கண்ணீர்.

இதையெல்லாம் காகிதம் இல்லாமல் நினைவில் வைக்க ஒரு தந்திரம். தெரிந்த ஓர் இடத்தில் மனத்தால் நடந்து, ஒவ்வொரு மூலையிலும் பேச்சின் ஒரு பகுதியை வைத்துவிட வேண்டும். பேசும்போது அதே வழியில் நடந்தால் போதும், வைத்தது வைத்த இடத்தில் கிடைக்கும்.

ரோமாபுரிக்காரர்களுக்குத் தூண் வைத்த மாளிகைகள் இருந்தன. எனக்குத் தோட்டத்துச் சடக்கு, அதாவது மண் சாலை, இருந்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வணக்கத்தை வைத்தேன். ஸ்டோரில் நடந்த கதை. புகைக் கொட்டகையில் நியாயங்கள். மருந்துக்கொட்டகையில் எதிர்ப்பேச்சுக்குப் பதில். மாரியம்மன் கோயில் வாசலில் கண்ணீர்.

ஜப்பான் துரை தினமும் இதே வரிசையில்தான் சுற்றி வருவார். திங்கட்கிழமைகளில் நடந்துகொண்டே மனுக்களைக் கேட்பார். வாய்மொழியாக மட்டும். காகிதப் பஞ்சம். கூட நடந்து பேசவேண்டியதுதான். ரோமாபுரிக்காரர்கள் எனக்காகவே எழுதிவைத்தது போலிருந்தது.

சோற்று உறவு

மனு என்னவென்றால், யானுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வர அனுமதி.

யான், ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம், கடலோரம். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த சுப்பையாவின் மகள் பாக்கியத்தை எனக்குப் பேசி முடித்திருந்தது. "என்னைக்கு வந்தாலும் மறுநாள் முகூர்த்தம். ஆனா மார்கழி பொறக்கறதுக்குள்ள வரணும்" என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். வராவிட்டால் மெர்கோங்கில் லாரி வைத்திருக்கும் ஒருவர் தயாராக இருந்தார். என் பக்கத்திலும் அவசரம். ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிப்பது நின்றபாடில்லை, போனவர்கள் திரும்பியபாடும் இல்லை. பிரம்மச்சாரிகளைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு. மார்கழி பிறந்தால் பெண்ணும் போய்விடும், நானும் போய்விடுவேன்.

கல்யாணத்துக்காக வெளியூர் போக டவுன் அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும் என்றார்கள். பழைய எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் மனுவை எழுதி, புரட்டாசியிலேயே சுங்கைப்பட்டாணிக்கு அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. இடையில் ஜப்பான்காரர்கள் எங்கள் கெடா மாநிலத்தையே சயாமுக்குக் கைமாற்றிவிட்டார்கள். நாட்டையே மாற்றிக்கொடுக்கிறவர்கள் என் மனுவை எந்தப் பெட்டியில் வைத்தார்களோ! நான் முறைப்படி இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன்.

எனக்கு உண்மையான சொந்தம் மூன்று பேர். அம்மா, தம்பி, ஒரு சித்தி. ஆனால் யான் நெல் விளைகிற ஊர். நாங்களோ இரண்டு வருடமாக மரவள்ளிக்கிழங்கு. கிழங்கு அவியல், கிழங்குப் புட்டு, கிழங்கைக் காயவைத்து இடித்து அதற்கு அரிசி என்று பெயர் வைத்து ஒரு சோறு. "யான்ல கல்யாணம்" என்ற சொல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் போனதும் என் குடும்பம் பெருகத் தொடங்கியது.

வேலு மண்டோர்தான் முதலில் வந்தார். பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவர்களுக்கு மேலாள் அவர். அதுவரை என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

"மாப்ள!"

"என்னைங்களா?"

"ஒங்கப்பாவும் நானும் ஒரே கப்பல்ல வந்தோம்லா."

"அப்பா ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துட்டாருங்களே."

"கப்பல் அதேதான் மாப்ள!"

அவரை எழுதிக்கொண்டேன். அடுத்து வந்த மாட்டுக்காரர், என் சித்தியின் ஊரில் தன் மாடு ஒருமுறை மேய்ந்திருக்கிறது என்றார். காவல்காரர் பாக் டின், "சயா புன் சௌடாரா" என்று நெஞ்சில் கைவைத்தார். தானும் சொந்தம் என்கிறார். டிரெஸர் நடராஜன் உறவு எதையும் சொல்லவில்லை. "எழுதிக்க" என்றார், அவ்வளவுதான். நான் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே உறவுமுறையைத் தெளிவாகப் பதிந்தேன். மறுநாள் பெரட்டுக்குள் நாற்பத்து நான்கு பேர் ஆகிவிட்டோம்.

திங்கட்கிழமை

அன்று துரை பெரட்டுக் களத்திலிருந்து புறப்படவில்லை.

மழையில் பின்பக்கத்துப் பாலம் ஆடுகிறது என்று விடியற்காலையிலேயே அதைப் பார்க்கப் போனவர், அப்படியே கோயில் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். கூடவே மொழிபெயர்க்க ரெங்கசாமி. முன்பு டவுனில் சைக்கிள் பழுதுபார்த்தவர், மூன்று மாத வகுப்பில் ஜப்பானிய மொழி கற்று, ராணுவத் தொப்பி ஒன்றும் சம்பாதித்திருந்தார். என் பட்டியலில் முப்பத்தெட்டாவது பெயர் அவருடையது.

நான் கோயிலுக்கு ஓடினேன். குனிந்து வணங்கினேன். "நடந்துக்கிட்டே சொல்லு" என்றார் ரெங்கசாமி.

வணக்கத்தைத் தேடினேன். அது இருந்தது பெரட்டுக் களத்தில். இங்கே இருந்தது கண்ணீர்தான். ஒரு மாதம் தினமும் பழகிய கண்ணீர். கோயில் வாசலைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டது. "ஐயா, நரைத்த தலையோடு காத்திருக்கும் அந்தத் தாயை எண்ணிப் பாருங்கள்!"

ரெங்கசாமி எதையோ சொன்னார். துரை நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"எப்ப செத்தாங்கன்னு கேக்குறாரு."

"யாருண்ணே?"

"ஒங்கம்மா."

"அம்மா சாகலண்ணே. அந்தா, வாளியோட நிக்கிறாங்க பாருங்க."

அம்மா கும்பிட்டார். துரை தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். மருந்துக்கொட்டகை வந்தது. எதிர்ப்பேச்சுக்குப் பதில் சொல்லும் இடம். "எங்களில் ஒருவர்கூட ஓடிப்போக மாட்டோம் ஐயா! என் தலையைப் பிணை வைக்கிறேன்!"

துரையின் கை வாளுக்குப் போயிற்று.

"யாரு ஓடப்போறான்னு கேக்குறாரு." ரெங்கசாமி வாளைவிட்டு ஓரடி விலகிக்கொண்டார்.

ஜன்னலிலிருந்து டிரெஸர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "மொதல்லேருந்து சொல்லுடா!"

"மொதப் பாகம் பெரட்டுக் களத்துல இருக்குண்ணே!"

நிற்க முடியாது, துரை நடந்துகொண்டிருந்தார். புகைக் கொட்டகை. நியாயங்கள். "ஒரு வேளை அரிசிச் சோறு உண்டவன் இரண்டு பங்கு மரம் வெட்டுவான் ஐயா!"

"அரிசி எங்க இருக்குன்னு கேக்குறாரு" என்றார் ரெங்கசாமி. பதுக்கிய அரிசிக்கு என்ன தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள், முப்பத்தெட்டாம் எண் உறவினர் தானே ஏதோ பதில் சொல்லிவிட்டார். நான் கண்ட கனவில் இருப்பதாகச் சொன்னாராம்.

ஸ்டோர் வந்தது. அங்கேதான் விஷயமே இருந்தது. நான் சின்னக் கிராணி என்றும், யானில் பாக்கியம் என்ற பெண் இருக்கிறாள் என்றும், மார்கழி பிறக்கப் போகிறது என்றும் சொன்னேன். துரையின் நடை மெதுவாயிற்று. பெரட்டுக் களத்தில் தோட்டமே வரிசையாக நின்றது. நான் அவர் முன்னால் போய், இடுப்பு வரை வளைந்து, முழுக் குரலில் சொன்னேன்: "பெருமதிப்புக்குரிய ஐயா! முதற்கண் என் பணிவான வணக்கம்!"

துரை என்னைப் பார்த்தார். ரெங்கசாமியைப் பார்த்தார். பிறகு பெயர் கூப்பிடும் பலகைமேல் உட்கார்ந்து, தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மூச்சு வாங்கியதும் ஏதோ சொன்னார்.

"எங்க ஊர்ல கல்யாணம் ஆனவன்தான் அழுவான், நீ முன்கூட்டியே அழுவுறியான்னு கேக்குறாரு. எத்தன பேரு போறீங்க?"

"நாப்பத்தி நாலு."

"இதுல யாரு யாரு ஒன் சொந்தம்?"

களத்தில் இருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன. பட்டியலில் இல்லாத கைகளும். பாக் டின் இரண்டு கைகளையும் தூக்கினார். ரெங்கசாமியின் கையும் மெதுவாக ஏறியது. துரை அந்தக் கையை மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

சடக்கு முடிந்துவிட்டது. புத்தகத்தில் இதற்கு மேல் இடம் இல்லை.

"சொந்தம் மூணு பேருதாங்க. மத்தவங்க சோத்துக்கு வர்றாங்க. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ரெங்கசாமி அன்று முழுதாக மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான். துரை சிரிப்பை நிறுத்தினார். சாக்குத் துணி கட்டி நின்ற வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு எழுந்து தீர்ப்புச் சொன்னார். கல்யாணத்துக்கு ஆளனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. வேலைக்கு அனுப்ப உண்டு. லயத்துக் கூரைகள் ஒழுகுகின்றன. யான் கடற்கரையில் அத்தாப்பு ஓலை இருக்கிறது. நாற்பத்து நான்கு பேர், மூன்று நாள். ஆளுக்கொரு கத்தி, ஒரு கயிறு. இரண்டு வரிசையாகப் போக வேண்டும். முன்னால் ரெங்கசாமி. திரும்பும்போது தலை குறையக் கூடாது.

"கூடினா?" என்று கேட்டேன்.

அதை ரெங்கசாமி மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். என் முப்பது ஆண்டுக் கால அலுவலக வாழ்க்கையில் இதைவிட நேர்த்தியான உத்தரவை நான் கண்டதில்லை.

கத்தியும் கயிறும்

செவ்வாய்க்கிழமை பெரட்டு முடிந்ததும் புறப்பட்டோம். குரூண் வரை வெயில். அப்புறம் மலையிலிருந்து மழை இறங்கியது. எல்லாரும் தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டோம். வேலு மண்டோர் மட்டும் சோற்றைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். "மாப்ள, வடிச்ச கஞ்சிய கீழ ஊத்திறச் சொல்லாதீங்க. அத நான் பாத்துக்கறேன்."

வெயில் சாய யானுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் இடுப்புக்கு மேல் நின்ற நெற்பயிர், பால் பிடிக்கிற வாசனை. சுப்பையாவின் கடை திறந்து கிடந்தது. அடுப்பில் உலை கொதித்தது. முறத்தில் பாதி புடைத்த அரிசி. ஆளைக் காணோம்.

எனக்குத்தான் கடைசியில் உறைத்தது. ராணுவத் தொப்பி போட்ட ஒருவன் முன்னால் வர, பின்னால் முகம் தெரியாத நாற்பது பேர், இடுப்பில் கத்தி, தோளில் கயிறு, இரண்டு வரிசை. யான்காரர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? சயாமுக்கு ஆள் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று, பெண்வீடு முழுவதும் வயலுக்குள் பாய்ந்துவிட்டது. காற்றே இல்லை. பயிர் மட்டும் அங்கங்கே ஆடிக்கொண்டிருந்தது.

ரெங்கசாமி கூப்பிடுகிறேன் என்று விசில் ஊதினார். ஆட்டம் இன்னும் தள்ளிப் போயிற்று.

அம்மா அழத் தொடங்கிவிட்டார். இருட்டுவதற்குள் அவர்கள் வராவிட்டால் மலைப்பக்கம் போய்விடுவார்கள். பிறகு எந்த முகூர்த்தம்? நான் வரப்பில் ஏறினேன். வலது கையை நீட்டினேன். "பெருமதிப்புக்குரிய யான் வட்டாரப் பெரியோர்களே!"

பயிர் இன்னும் பத்து முழம் நகர்ந்தது.

எங்கள் நோக்கத்தைச் சொன்னேன், அத்தாப்பைச் சொன்னேன், ஒன்பதாம் பிரிவைச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மடியிலிருந்து பட்டியலை எடுத்துப் பெரட்டில் கூப்பிடுவதுபோலப் பெயர் கூப்பிட்டேன்.

"ஒண்ணு! வேலு மண்டோர்! மாப்பிள்ளையின் தந்தை வந்த கப்பலில், வேறு வருடம் வந்தவர்!"

"வந்தேன்!" என்றார் வேலு, பழக்கத்தில்.

"ரெண்டு! மாட்டுக்காரர் கோவிந்தன்! மாப்பிள்ளையின் சித்தி ஊரில் மேய்ந்த மாட்டுக்கு உரிமையாளர்!"

"வந்தேன்!"

"மூணு! பாக் டின்! மாப்பிள்ளைக்கு உறவு, முறை விசாரணையில் உள்ளது!"

"சயா!"

வயலுக்குள் யாரோ தும்மியது போலிருந்தது. தும்மல் இல்லை, அடக்கிய சிரிப்பு. எட்டாவது பெயரில் இரண்டு இடத்தில் சிரித்தார்கள். பன்னிரண்டாவதில் ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது:

"அப்பா, எந்திரிங்கப்பா. ஆள் புடிக்க வர்றவன் இம்புட்டுப் பேசமாட்டான். இவரு மாப்பிள்ளைதான்."

பாக்கியம் எழுந்து நின்றாள். முழங்கால் வரை சேறு, கக்கத்தில் ஒரு கோழி, தலையில் நெற்பூ. நான் பட்டியலைத் தவறவிட்டேன். அவள் பின்னால் ஒவ்வொரு தலையாக முளைத்தது.

சுப்பையா என் தோளிலிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "மாப்ள, தாலிக்கு இவ்வளவு கனமாவா கயிறு கொண்டாருவாங்க?"

மறுநாள் காலை முகூர்த்தம். அதைப் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை. பந்திதான் நினைவிருக்கிறது. இலையில் சோறு விழுந்தது, ஆவி பறந்தது, அதற்குப் பிறகு நாற்பத்து நான்கு பேரில் ஒருவரும் பேசவில்லை. ரோமாபுரியின் எந்தப் பேச்சாளரும் அப்படியொரு அமைதியைச் சம்பாதித்திருக்க மாட்டார். டிரெஸர் மட்டும் மூன்றாம் முறை வாங்கியபோது, "இதாண்டா மருந்து" என்றார்.

பதில்

வியாழக்கிழமை ஆளுக்கொரு கட்டு அத்தாப்போடு திரும்பினோம். துரை தலைகளை எண்ணினார். நாற்பத்தைந்து. மறுபடி எண்ணினார், பாக்கியத்தின் தலையிலும் ஒரு கட்டு ஓலை இருந்ததைப் பார்த்தார், சரி என்று கைகாட்டிவிட்டு உள்ளே போனார். சயாமுக்கு ஆள் கேட்டபோது, குடும்பஸ்தன் என்று என் பெயரைத் தள்ளி வைத்தார்கள்.

ஆனால் டவுனுக்குப் போன மனு அப்படியே நிலுவையில் இருந்தது. முறையாகப் பார்த்தால் நான் அனுமதியின்றி மணந்தவன். ஆகவே மூன்றாவது நினைவூட்டலும் அனுப்பினேன். சயாம்காரர்கள் போனார்கள், ஜப்பான்காரர்கள் போனார்கள், வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து, தேங்கிக் கிடந்த காகிதங்களை அடியிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள்.

ஒருநாள் எனக்கு வந்து சேர்ந்த பதில் கடிதத்தில் இரண்டே வரிகள். மனு பரிசீலனையில் உள்ளது. முடிவு தெரிவிக்கப்படும்வரை மனுதாரர் மேற்படி திருமணத்தை நடத்தக் கூடாது.

பாக்கியத்துக்குப் படித்துக் காட்டினேன். அவள் கைவேலையை விடவில்லை. "அப்ப முடிவு வர்ற வரைக்கும் நீங்க தனியா சமைச்சுக்குங்க" என்றாள்.

நான் கடிதத்தின் மேல்மூலையில், கிடைத்த நாளை முறைப்படி குறித்தேன்: தை மாதம், புதன்கிழமை, எங்கள் இரண்டாவது மகளுக்குக் காது குத்திய அன்று.